இளையவர்கள் க்வில்டிங் பக்கம் வருகிறார்களா? பெங்களூரிலிருந்து ஒரு பதில்

படிக்கிற மற்றவர்களுக்கும் புரியவேண்டும் என்பதால் உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு இருபத்தாறு வயது. வேலை எலக்ட்ரானிக் சிட்டியில், தங்கியிருப்பது பி.ஜி.யில். துணித் துண்டுகளை ஒட்டி, அடுக்கிப் போர்வையாகத் தைக்கும் க்வில்டிங்கைக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு ஒரு வகுப்புக்குப் போனீர்கள். அங்கே இருந்தவர்கள் எல்லாரும் அம்மா வயது, ஒன்றிரண்டு பேர் பாட்டி வயது. நம் வயதில் யாராவது இதைச் செய்கிறார்களா, இல்லை இது அவர்களோடு போய்விடுமா, இந்த நிலைமையில் நான் மெஷின் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

செய்கிறார்கள், நிறையப் பேர். நீங்கள் போனது மாதிரியான வகுப்பில் அவர்கள் கண்ணில் பட மாட்டார்கள், அவ்வளவுதான். அல்சூரில் என் வீட்டு மாடியில் வார இறுதிகளில் சொல்லிக்கொடுக்கிறேன். மெஷின் வகுப்பு வைத்தால் நாற்பத்தைந்தைத் தாண்டியவர்கள் வருகிறார்கள். கைத்தையல் வகுப்பு வைத்தால் பாதிக்கு மேல் முப்பதைத் தொடாதவர்கள். கற்றுக்கொள்கிற கலை ஒன்றுதான். வாசல்தான் வேறு.

மெஷின் வாசலில் நுழைய என்னென்ன வேண்டும் என்று பாருங்கள். நல்ல மெஷின், துணி வெட்டும் வட்டக் கத்தி, அதற்கு அடியில் விரிக்கும் மேட், அக்ரிலிக் ஸ்கேல், பக்கத்திலேயே இஸ்திரிப் பெட்டி. எல்லாவற்றையும் விரித்த இடத்தில் விரித்தபடி விட்டு வைக்க ஒரு மேஜை. மேலே தைத்த துணி, நடுவில் பஞ்சு ஷீட், அடியில் லைனிங் மூன்றையும் சுருக்கமில்லாமல் பரப்பிப் பின் குத்த, பெட்ஷீட் அளவுக்குக் காலியான தரை. பெங்களூரில் காலியான தரை யாரிடம் இருக்கிறது? பிள்ளைகள் படிப்புக்கும் வேலைக்கும் கிளம்பி, ஒரு அறை சும்மா கிடக்கும் வீட்டில்தான் இருக்கிறது. அதனால்தான் அந்த வகுப்பில் அம்மாக்கள். இளையவர்களுக்கு ஆர்வம் இல்லை என்று இதை வைத்து முடிவு கட்டிவிட முடியாது. ஷேரிங் ரூமில் இருப்பவருக்கு இடம் இல்லை, அதுதான் விஷயம்.

அமெரிக்காவில் இந்தப் பொழுதுபோக்கில் ஆழமாக இறங்கியவர்களின் சராசரி வயது அறுபதைத் தாண்டியது என்று அங்கத்திய தொழில்துறைக் கணக்கெடுப்புகள் பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. அதைப் படித்துவிட்டு இன்னும் இருபது வருடத்தில் க்வில்டிங் செத்துவிடும் என்று பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இன்றைக்கு அறுபது வயதில் இருப்பவர்களே முப்பது வயதில் எல்லாரும் தைத்துக்கொண்டிருந்தவர்கள் இல்லை. நேரமும் இடமும் கிடைக்கிற வயதில் வந்து சேர்ந்தார்கள், இனியும் அப்படிச் சேர்ந்துகொண்டே இருப்பார்கள். நடுவில் இளையவர்கள் கூட்டமாக உள்ளே புகுந்த காலங்களும் உண்டு. 1971-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் பழைய க்வில்ட்களை ஓவியங்களைப் போலச் சுவரில் மாட்டிக் காட்டியது. 1976-இல் அந்த நாட்டு விடுதலையின் இருநூறாவது ஆண்டு வந்தபோது மறுபடி ஒரு அலை. வலைத்தளங்கள் வழியே ஒருவரையொருவர் கண்டுகொண்ட இளைய தலைமுறை 2009-இல் மாடர்ன் க்வில்ட் கில்ட் என்ற அமைப்பைத் தொடங்கியது. 2013-இல் ஆஸ்டின் நகரத்தில் க்வில்ட்கான் என்ற அவர்களுடைய முதல் மாநாடும் கண்காட்சியும் நடந்தது. வெற்றிடம் நிறைய விட்ட டிசைன், அழுத்தமான ஒற்றை நிறங்கள், சாம்பல் நிறப் பின்னணி எல்லாம் அப்போது அவர்கள் கொண்டுவந்தவை.

ஆனால் என் மனதில் இதற்கெல்லாம் மேலே நிற்பது 1987. சான் பிரான்சிஸ்கோவில் எய்ட்ஸ் நோயால் இறந்தவர்களுக்காக ஆளுக்கொரு துணிப் பலகை தைத்து, எல்லாவற்றையும் ஒரே க்வில்ட்டாகச் சேர்த்தார்கள். ஒவ்வொன்றும் மூன்றடிக்கு ஆறடி, ஒரு கல்லறையின் அளவு. அந்த அக்டோபரில் வாஷிங்டனின் நேஷனல் மால் புல்வெளியில் 1,920 பலகைகளை விரித்தார்கள். அதைத் தைத்தவர்களில் எத்தனையோ பேர் அதற்கு முன் ஊசி பிடித்தறியாத இளைஞர்கள். பறிகொடுத்த நண்பனின் சட்டையையும் ஜீன்ஸையும் வெட்டித் தைத்தார்கள். இளையவர்கள் தைக்க வருவார்களா என்று யாராவது கேட்டால், சொல்வதற்கு ஏதோ ஒன்று நெஞ்சில் இருந்தால் வருவார்கள் என்பதுதான் என் பதில். இங்கேயும் அதைத்தான் பார்க்கிறேன்.

இங்கே எந்த வழியாக வருகிறார்கள்? முக்கால்வாசிப் பேர் கவந்தி வழியாக. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு பக்கத்துக் காட்டோர ஊர்களில் சித்தி மக்கள் வாழ்கிறார்கள். போர்ச்சுக்கீசியர் காலத்திலும் அதற்கு முன்பும் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வம்சாவளியினர். அந்தப் பெண்கள் பழைய துணியில் தைக்கும் போர்வைதான் கவந்தி. இன்ஸ்டாகிராமில் உலகம் முழுக்க, முக்கியமாக ஊரடங்குக் காலத்துக்குப் பிறகு, இளைய க்வில்டர்கள் இதைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். பெங்களூரிலிருந்து ஓர் இரவு பஸ் பயண தூரத்தில் இருப்பதை நம் பிள்ளைகள் அமெரிக்கக்காரர்களின் வீடியோவில் பார்த்துவிட்டு என்னிடம் வந்து கேட்கிறார்கள். எப்படியோ, வந்து கேட்கிறார்களே, அதில் எனக்கு மகிழ்ச்சிதான்.

கவந்தி ஏன் இந்த வயதுக்குப் பொருந்துகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். வழக்கமான க்வில்ட்டில் வேலை மூன்று கட்டமாகப் பிரிந்திருக்கும். முதலில் துண்டுகளை ஒட்டி மேல்துணி செய்யவேண்டும், பிறகு மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கவேண்டும், கடைசியில் ஓரம் கட்டவேண்டும். கவந்தியில் மூன்றும் ஒரே வேலை. அடியில் ஒரு முழுப் புடவை. ஓரத்தை உள்ளே மடித்துக்கொண்டு ஒரு மூலையில் ஆரம்பிக்கவேண்டும். ஒரு துண்டை வைத்து, அதன் விளிம்பை மடித்து, ஊசியை மேலும் கீழுமாக நேராக ஓட்டும் ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டே போகவேண்டும். தையல் அந்தத் துண்டின் முடிவுக்கு வந்ததும் அடுத்த துண்டை அதன் அடியில் செருகிக்கொண்டு தொடரவேண்டும். நான்கு ஓரமும் சுற்றி வந்தபின் ஒரு விரற்கடை உள்ளே தள்ளி அடுத்த சுற்று. இப்படி வெளியிலிருந்து நடுவை நோக்கிச் சுருண்டு போய் முடிகிறது. துண்டு ஒட்டுவதும் அடுக்குகளைப் பிணைப்பதும் அதே ஓட்டத்தில் நடந்துவிடுகிறது. மேட் வேண்டாம், மெஷின் வேண்டாம், தரையும் வேண்டாம். மடியில் வைத்துத் தைக்கலாம். பனசங்கரியிலிருந்து ஒயிட்ஃபீல்டு போகும் மெட்ரோவில் ஒரு சுற்று முடித்துவிட்டேன் என்று என் மாணவி ஒருத்தி சொன்னாள்.

நான்கு மூலையிலும் முக்கோணமாக மடித்த சின்னத் துணிகளை அடுக்கி வைத்துத் தைப்பார்கள். பூ என்ற பொருளில் ஃபுலா என்று பெயர். அது இல்லாத கவந்தி உடுத்தாமல் நிற்கிற மாதிரி என்பது அந்தப் பெண்களின் எண்ணம். அதனால் என் வகுப்பில் ஃபுலா வைக்காமல் யாரையும் எழுந்திருக்க விடுவதில்லை. ஒரு வழக்கத்தை எடுத்துக்கொள்கிறோம் என்றால் அதை வளர்த்தவர்கள் எதை முக்கியமாக நினைத்தார்களோ அதையும் சேர்த்துத்தான் எடுத்துக்கொள்ளவேண்டும்.

2021-இல் நியூயார்க்கில் நட்சத்திரங்கள் விதவிதமாக உடுத்தி வரும் மெட் காலா விழாவுக்கு ராப் பாடகர் ஏசாப் ராக்கி ஒரு க்வில்ட்டைப் போர்த்திக்கொண்டு வந்தார். பழைய பொருள் விற்கும் கடையில் கிடைத்த, யாரோ ஒரு பாட்டி தைத்த க்வில்ட் அதில் இருந்தது. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு எனக்கும் அப்படி ஒரு ஜாக்கெட் தைக்கவேண்டும் என்று வந்த பையன்கள் உண்டு. ஆமாம், பையன்களும் வருகிறார்கள். முக்கோணங்களை எப்படித் திருப்பினால் எந்த டிசைன் வரும் என்று ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஊசியைத் தொடுவார்கள், தையலும் சுத்தமாக இருக்கும். ஃபேஷன் பார்த்து வருகிறவர்களை நான் குறைத்து மதிப்பதில்லை. ஆனால் தொடர்ந்து தைக்கிறவர்கள் யார் என்று பார்த்தால், வீட்டிலிருந்து ஒரு துணியை எடுத்துக்கொண்டு வந்தவர்கள்தான்.

நம் தமிழ் வீடுகளில் அதற்குப் பஞ்சமே இல்லை. அம்மாவின் மதுரைச் சுங்குடி, பாட்டியின் கண்டாங்கி, அப்பா வீட்டில் கட்டிய குடியாத்தம் லுங்கி, தாத்தாவின் எட்டு முழ வேட்டி. எல்லாம் நல்ல பருத்தி. பல வருடம் தோய்த்துத் தோய்த்து வெண்ணெய் மாதிரி ஆனவை. ஶ்ரீராமபுரத்துப் பெண் ஒருத்தி தன் அப்பா இறந்த ஆறு மாதம் கழித்து அவருடைய லுங்கிகளைக் கொண்டுவந்தாள். அவள் அம்மாவுக்கு இதில் கொஞ்சமும் சம்மதமில்லை. போனவர் துணியை வெட்டுவதா என்று இரண்டு வாரம் பேசவே இல்லையாம். பாதி தைத்தபின் ஒருநாள் அம்மாவே மாடி ஏறி வந்து, இந்தக் கட்டம் போட்டது தீபாவளிக்கு எடுத்தது, இது உன் அக்கா கல்யாணத்துக்கு முந்தின வாரம் வாங்கியது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொல்லிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் இப்போது தன் மூன்றாவது க்வில்ட்டில் இருக்கிறாள். கடையில் துணி வாங்கித் தொடங்கியவர்களில் இந்த அளவுக்கு ஒட்டிக்கொண்டவர்கள் எனக்குத் தெரிந்து குறைவு.

வீட்டில் எதிர்ப்பு வரும், எதிர்பாருங்கள். இத்தனை படித்துவிட்டு ஒட்டுப் போட்டுத் தைப்பதா என்ற கேள்வி நம்மவர்கள் வாயிலிருந்து சட்டென்று வரும். ஒட்டுத்துணி என்றாலே வறுமை என்று பதிந்துபோன தலைமுறை அது, அவர்களைக் குறை சொல்ல முடியாது. கோபப்படாமல் ஒன்றை நினைவுபடுத்துங்கள்: பிறந்த குழந்தையை நம் வீடுகளில் எதில் கிடத்துகிறோம்? புதுத்துணியிலா? பாட்டியின் பழைய நூல் புடவையில்தான் தூளி கட்டுகிறோம், அதையே கிழித்துத்தான் விரிப்புப் போடுகிறோம். குழந்தை பிறக்கும் முன் புதிதாக எதுவும் வாங்கக்கூடாது என்று சொல்லும் வீடுகளில்கூட, பழைய புடவையில் ஒரு சின்னப் போர்வை தைத்து வைத்தால் யாரும் தடுப்பதில்லை. பழைய துணியின் அருமை நம்மவர்களுக்குத் தெரியாததல்ல.

இனி சொல்லப்போவதுதான் எனக்கு உறுத்துகிற விஷயம். இளைய தலைமுறை என்று நீங்களும் நானும் பேசுவது எந்த இளையவர்களை? தார்வாடு, கதக், விஜயபுரா பக்கத்தில் கவுதி என்ற போர்வை உண்டு. பழைய இல்கல் புடவைகளை அடுக்கி, வயல் வேலை இல்லாத கோடை மாதங்களில் பெண்கள் நெருக்கமாக ஓட்டுத்தையல் போட்டுத் தைப்பார்கள். பழைய துணியைக் கொடுத்தால் கூலிக்குத் தைத்துக் கொடுப்பவர்களும் உண்டு. பெங்களூருக்குக் குடிவந்த அந்தக் குடும்பங்களின் பெண்பிள்ளைகள் பீண்யாவிலும் பொம்மனஹள்ளியிலும் மைசூர் ரோட்டிலும் கார்மென்ட்ஸில் இருக்கிறார்கள். கிருஷ்ணகிரி, தருமபுரியிலிருந்து வந்த நம் தமிழ்ப் பெண்களும் அவர்களோடு அதே லைனில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்திக்குக் காலர் மட்டும், இன்னொருத்திக்குக் கை மட்டும், மணிக்கு இத்தனை பீஸ் என்று டார்கெட். அப்படி ஒரு நாளைக் கழித்துவிட்டு வீடு திரும்பும் பெண்ணிடம் போய், பொழுதுபோக்காகத் தையேன் என்று யார் சொல்வது? இந்த ஊரிலேயே கை தேர்ந்த இளம் தையல்காரிகள் அவர்கள். ஆனால் பொழுதுபோக்கு என்பது பொழுது இருப்பவர்களுக்குத்தானே.

ஆகவே இந்த ஊரில் இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கிறது. அம்மாவும் பாட்டியும் கூலிக்குத் தைத்த வீடுகளில் பிள்ளைகள் விட்டுவிடுகிறார்கள். பரம்பரையில் யாருமே தைக்காத வீடுகளின் பிள்ளைகள் கட்டணம் கட்டிக் கற்றுக்கொள்கிறார்கள். இதில் தவறு என்று யாரையும் சொல்ல மாட்டேன். ஆனால் உங்களைப் போல் சம்பாதிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள் வைப்பேன்: கவந்தி கற்றுக்கொள்ளும் முன் ஒரு கவந்தியை அதைத் தைத்தவர்களிடமிருந்து விலை கொடுத்து வாங்குங்கள். 2004-இல் ஹென்றி ட்ரூவல் என்ற அமெரிக்கக் கலை வரலாற்றாளரின் முயற்சியோடு சித்திப் பெண்கள் ஒரு கூட்டுறவு அமைப்பைத் தொடங்கினார்கள். இன்று அந்தப் பெண்களில் சிலர் தாங்களே நேரில் சொல்லிக்கொடுக்கவும் செய்கிறார்கள். அவர்கள் வந்து நடத்துகிற வகுப்பு கிடைத்தால் என்னிடம் வராதீர்கள், அங்கே போங்கள். தையல் கூலியைக் கேட்டுப் பேரம் பேசவும் வேண்டாம். ஒரு போர்வையை நீங்களே தைத்துப் பார்த்தபின் பேரம் பேச மனமும் வராது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மெஷின் இப்போது வாங்காதீர்கள். பி.ஜி. அறையில் அதை வைக்க இடமும் இருக்காது, இரவு பத்து மணிக்கு ஓட்டவும் முடியாது. வீட்டு மெஷினில் ஊசிக்கும் அதன் வலப்பக்கத் தண்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஆறேழு அங்குலம்தான் இடைவெளி. ஒரு கட்டில் அளவு க்வில்ட்டைச் சுருட்டி அதற்குள் நுழைத்துத் தைக்கவேண்டும். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் கைவிடுகிறார்கள். மேல்துணியை அழகாகத் தைத்து முடித்துவிடுகிறார்கள், அது மடித்து அலமாரிக்குள் போய்விடுகிறது, பிறகு வருவதே இல்லை. இளையவர்கள் நிலைப்பதில்லை என்று புலம்புகிற ஆசிரியர்களிடம் நான் சொல்வது, முதல் வேலையாக டபுள் காட் க்வில்ட் கொடுக்காதீர்கள் என்பதுதான்.

முதல் க்வில்ட் சின்னதாக இருக்கட்டும். ஐந்து அங்குலச் சதுரங்கள் எண்பது வெட்டிக்கொள்ளுங்கள், எட்டு வரிசை, வரிசைக்குப் பத்து. சுற்றிலும் கால் அங்குலம் தையலுக்குப் போனால் ஒவ்வொன்றும் நாலரை அங்குலமாக நிற்கும். மொத்தம் 36-க்கு 45 அங்குலம் வரும். குழந்தைக்குப் போர்த்தலாம், சோபாவில் காலுக்குப் போட்டுக்கொள்ளலாம். ரவிக்கை தைத்துப் பழகியவர்களுக்கு இந்தக் கால் அங்குலம்தான் சோதனை. அவர்கள் பிரிப்பதற்கு வசதியாகத் தாராளமாகத் துணி விட்டுப் பழகியவர்கள். இங்கே ஒரு தையலில் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடினாலும் ஒரு சதுரத்துக்கு இரு பக்கமும் சேர்த்து எட்டில் ஒரு பங்கு போய்விடும். பத்துச் சதுரம் உள்ள வரிசையில் ஒரு அங்குலத்துக்கு மேல் காணாமல் போகும், அடுத்த வரிசையோடு சேராது. பென்சிலால் கோடு போட்டு அதன்மேல் தைத்தால் இந்தத் தொல்லை இல்லை. கையால் தைக்கும்போது கோடு போட்டே ஆகவேண்டும்.

பஞ்சு ஷீட்டுக்குச் செலவழிக்கவேண்டாம். பெங்களூரில் ஜனவரி இரவில்கூடப் பதினைந்து டிகிரி பக்கத்தில்தான் இறங்குகிறது. ஐந்தரை மீட்டர் புடவையை மூன்றாக மடித்தாலே நடு அடுக்கு ஆகிவிடும், நம் குளிருக்கு அது போதும். புடவையைத் தேர்ந்தெடுக்கும்போது வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நூல் விலகித் தெரிகிற இடத்தை இரு கையாலும் இழுத்தால் கிழிகிறது என்றால் அந்தப் பகுதியை விட்டுவிடுங்கள். ஜரிகைக் கரை உடம்பில் உறுத்தும், வெட்டி எடுத்துவிடலாம். சிவப்பும் கருநீலமும் சாயம் விடக்கூடியவை. வெள்ளைத்துணித் துண்டு ஒன்றோடு சேர்த்து வெந்நீரில் ஊறவைத்து, வெள்ளை வெள்ளையாகவே வெளியே வரும்வரை அலசவேண்டும். இதைச் செய்யாமல் தைத்து, முதல் தோய்ப்பில் வெளிர் நிறச் சதுரங்கள் எல்லாம் ரோஜா நிறமாகிப் போய் அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

துணி போதவில்லை என்றால் சிக்கபேட்டையும் அவென்யூ ரோட்டும் இருக்கின்றன, அங்கேயே ராஜா மார்க்கெட்டில் நூல், ஊசி, பட்டன், லேஸ் எல்லாம் கிடைக்கும். சிவாஜிநகர்ப் பக்கம் வசதி என்றால் கமர்ஷியல் ஸ்ட்ரீட்டை ஒட்டிய இப்ராஹிம் சாகிப் தெருவுக்குப் போங்கள். கட்பீஸ் கேட்டு வாங்கும்போது ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பல் உதிர்ந்தால் பருத்தி, உருகிக் கெட்டியாகிப் போனால் பாலியெஸ்டர் கலந்தது. கலந்த துணி ஒட்டுவதற்கு வழுக்கும், பருத்தியோடு சேர்த்துத் தோய்த்தால் ஒன்று சுருங்கும், இன்னொன்று சுருங்காது.

கூட உட்கார்ந்து தைக்க ஆள் வேண்டும் என்பது உங்கள் கேள்விக்குள் மறைந்திருக்கிற இன்னொரு கேள்வி என்று நினைக்கிறேன். கப்பன் பூங்காவில் சனிக்கிழமைகளில் புத்தகத்தோடு வந்து சத்தமில்லாமல் உட்கார்ந்து படிக்கும் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். அதே புல்வெளியில் குரோஷே பின்னுகிறவர்களும் எம்பிராய்டரி செய்கிறவர்களும் கண்ணில் படுவார்கள், எல்லாம் உங்கள் வயது. ஓட்டுத்தையல் தெரிந்த யாருக்கும் கவந்தி சொல்லிக்கொடுக்க அரை மணி நேரம் போதும். அங்கே ஒருவரைச் சேர்த்துக்கொண்டு இருவராகத் தொடங்குங்கள். அந்த அம்மாக்கள் வகுப்பையும் விட்டுவிடாதீர்கள். ஓரம் மடித்துக் கட்டுவதிலும் மூலை திருப்புவதிலும் அவர்களுக்குத் தெரிந்தது எந்த வீடியோவிலும் அப்படியே கிடைக்காது. உங்களிடம் கவந்தி கற்றுக்கொள்ள அவர்களும் ஆசைப்படுவார்கள்.

பிறகு சொந்தமாக வீடு எடுத்து ஒரு மேஜை போட இடம் கிடைத்தபின் மெஷின் யோசிக்கலாம். அப்போதும் எம்பிராய்டரி டிசைன் நூறு வரும் என்பதற்காக விலை உயர்ந்தது எடுக்காதீர்கள். க்வில்ட்டுக்கு நேர்த்தையல் ஒன்று ஒழுங்காக விழுந்தால் போதும். ஊரில் அம்மாவின் பழைய கால் மெஷின் ஓடும் நிலையில் இருந்தால் எண்ணெய் போட்டு, பெல்ட் மாற்றி, அதையே கொண்டுவந்துவிடுங்கள்.